குண்டு டயரும் நம் தார் ரோடும்

பேரன் எட்டாம் வகுப்புக்குப் போனதும் சைக்கிள் கேட்டான். மகன் கடைக்கு அழைத்துப் போய் வாங்கிக் கொடுத்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த வண்டியைப் பார்த்தால் டிராக்டருக்குத் தம்பி மாதிரி இருக்கிறது. 26×2.40 டயர், அதன் மேல் வரிசையாகக் கட்டை கட்டையாகப் பட்டன்கள். மூன்று மாதம் ஓட்டினான். இப்போது வண்டி வாசலில் நிற்கிறது. "கால் வலிக்குது தாத்தா, அப்பாவை ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடச் சொல்லுங்க" என்கிறான். பையன் சோம்பேறி என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நான் ஒரு நாள் விடியற்காலையில் அதை எடுத்துக்கொண்டு ராம் நகர் வரை மிதித்துப் பார்த்தேன். குற்றவாளி பையன் இல்லை, டயர்.

அந்தப் பட்டன்கள் சேற்றிலும் மலைச் சரிவிலும் பிடித்து ஏறுவதற்காகச் செய்தவை. தேவகோட்டையில் மலை எங்கே ஐயா இருக்கிறது? தார் ரோட்டில் ஒவ்வொரு பட்டனும் நசுங்கி நிமிர்கிறது. நசுக்குகிற வேலையைச் செய்வது பிள்ளையின் முழங்கால். 'உர்ர்' என்று வரும் அந்தச் சத்தத்தை வேகம் என்று நினைத்துப் பிள்ளைகள் பெருமைப்படுகிறார்கள்.

கடையில் கேட்டால், குண்டு டயர்தான் சுமை தாங்கும் என்கிறார்கள். நம் ஊர்ப் பால்காரர் எதில் வந்தார்? 28×1½ டயர், பின் சக்கரத்தில் 40 போக்ஸ் கம்பி, இரண்டு பக்கமும் பால் கேன். பள்ளத்தூர்க் குடும்பம் 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் வண்டிகளில் நெல் மூட்டையே போயிருக்கிறது. சீமைக் கருவேல முள்ளுக்குக் குண்டு டயர்தான் நல்லது என்பது இன்னொரு கதை. பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே ரப்பர் மெல்லிசுதான். முள் அங்கே இறங்கும்.

அதற்காக எதிர்க்கோடிக்கும் ஓட வேண்டாம். காலை நடையில் கூட வரும் நண்பர் ஒருவர், "அப்படியானால் ரேஸ் சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்" என்றார். விரல் தடிமனில் 23 மில்லிமீட்டர் டயர்! நம் ரோட்டுப் பள்ளத்தில் ஒருமுறை இறங்கினால் டியூப் ரிம்மில் கடிபட்டுப் பஞ்சர், சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்க வேண்டும். பிரான்சைச் சுற்றும் பந்தயக்காரர்களே ஒரு காலத்தில் 23இல் ஓடியவர்கள், இன்று 28 வரை வந்துவிட்டார்கள். ஒரே அளவு காற்றில் அகல டயர்தான் இலகுவாக உருளும் என்று கண்டுகொண்டதால். அகலம் பாவமில்லை, பட்டன்தான் பாவம். நம் ஊருக்கு 35 முதல் 45 மில்லிமீட்டர், வழவழப்பான டயர், மழையில் பிரேக் பிடிக்க அலுமினிய ரிம். இதற்கு மேல் கேட்பவர் உங்கள் பணத்தைக் கேட்கிறார்.

வாங்கும்போது எண்ணில் ஏமாறாதீர்கள். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். புதுச்சேரியில் எங்கள் வாத்தியார் சைக்கிள் டயரில் '700 பி' என்று இருக்கும். 700 என்பது டயரோடு சேர்த்த சுமார் விட்டம், மில்லிமீட்டரில். ஏ, பி, சி என்பது தடிமன். டயர் தடிக்கத் தடிக்க ரிம் சின்னதாகும். அந்த 'பி'தான் நம் 28×1½; ரிம் அளவு 635. இன்றைய ரோட்டு சைக்கிளின் 700 சி 622. இரண்டும் 28 அங்குலம் என்றே விற்கப்படும், ஒன்று மற்றதில் ஏறாது. 26இல் இன்னும் மோசம்: 26×1⅜ என்றால் ரிம் 590, 26×1.75 என்றால் 559. பின்னத்தில் எழுதியது ஒரு சாதி, தசமத்தில் எழுதியது வேறு சாதி. முப்பது வருஷம் கோப்பில் கூட்டல் சரிபார்த்தவனுக்கே இதை ஏற்க ஒரு வாரம் ஆயிற்று. டயரின் விலாவில் 47-559 என்பது போல் சின்ன எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படியுங்கள்.

பேரன் வண்டிக்கு 26×1.75 வழவழப்பான டயர் இரண்டு மாற்றினேன். ரிம் பழையதேதான். முதல் நாள், "பார்க்க நல்லாவே இல்லை" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இரண்டாம் வாரம் சொல்லாமல் கொள்ளாமல் தேவகோட்டை ரஸ்தா வரை போய்வந்து அவன் அம்மாவிடம் திட்டு வாங்கினான்.

கழற்றிய குண்டு டயர்கள் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. வேண்டியவர் வந்து எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ரிம் 559தானா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.