தொட்டில் ஆட்டும் கையும் தாளமும்



சென்ற ஆண்டு முதலாம் ஆண்டு வகுப்பில் நாம் ஒரு பிழை செய்தோம். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த வேளையில், பின்வரிசை மாணவன் ஒருவன் மேசையை விரல்களால் ஓயாது தட்டிக்கொண்டிருந்தான். இருமுறை எச்சரித்தும் நிறுத்தவில்லை. மூன்றாம் முறை அவனை எழுப்பி நிற்க வைத்தோம். சில வாரங்கள் கழித்துத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குச் சென்றிருந்தபோது, உறுமி மேளக்காரர்களின் நடுவே அதே சிறுவன் தன் தாத்தாவின் தப்பை அடித்துக்கொண்டு நிற்கக் கண்டோம். அந்த அடி, வகுப்பில் மேசைமீது கேட்ட அதே அடி. அருகே, இன்னும் நடை சரியாகப் பழகாத அவன் தங்கை, பாவாடையைப் பற்றிக்கொண்டு முழங்காலை மடக்கி மடக்கி ஆடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் ஆடக் கற்பித்ததாகத் தெரியவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாம் பெற்ற சான்றிதழை எண்ணி அன்று சற்று நாணினோம்.

குழந்தைக்குத் தாளம் எப்போது பிடிபடுகிறது? 2010ஆம் ஆண்டில் மார்சல் சென்ட்னர், துவோமாஸ் எயெரோலா எனும் ஆய்வாளர் இருவர், ஐந்து மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள ஏறத்தாழ 120 குழந்தைகளை ஆராய்ந்தனர். பேச்சைக் கேட்டபோதைவிட, இசையையும் தாள ஒலியையும் கேட்டபோதே குழந்தைகள் கைகால்களை மிகுதியாக அசைத்தனர். அசைவு தாளத்தோடு நன்கு பொருந்தியபோது அதிகமாகப் புன்னகைத்தனராம்.

இச்செய்தி மேனாட்டாருக்குப் புதியதாகலாம். நம் முன்னோர் பிள்ளைத்தமிழ் என ஒரு சிற்றிலக்கிய வகையையே வகுத்து, குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பாடி வைத்தனர். ஐந்தாம் மாதம் கையும் காலும் ஊன்றித் தலையசைத்து ஆடுவது செங்கீரை. தாலாட்டுக் கேட்பது தால். ஒன்பதாம் மாதம் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் பின்னர் வருவது சிறுபறை. பிள்ளை சிறிய பறையைக் கொட்டி முழக்கும் பருவம். நாம் எழுப்பி நிறுத்திய சிறுவன், சிறுபறைப் பருவத்தைச் சற்றுக் காலந்தாழ்ந்து வகுப்பறைக்குக் கொண்டுவந்தவன், அவ்வளவே!

நம் இளமைக்காலம் இரப்பர்த் தோட்டத்தில் கழிந்தது. அன்னையார் இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் செல்லும்போது நம்மை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வார். உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தூளிகள் தொங்கும். ஆயா ஒரு தூளியைக் கையால் ஆட்டுவார், அடுத்ததைக் காலால் உந்துவார், வாய் பாடிக்கொண்டிருக்கும். பாட்டின் நடையும் தூளியின் வீச்சும் ஒன்றே. ஆட்டம் தளர்ந்தால் பாட்டும் தளரும். குழந்தை உறங்கிவிட்டதற்கு அதுவே அடையாளம். சற்று வளர்ந்த பிள்ளைகள் உடைந்த மங்குகளைக் குச்சியால் தட்டி மேளம் கொட்டுவோம். பெரிய மங்கில் ஓர் ஒலி, சிறிய மங்கில் வேறோர் ஒலி. இசையின் முதற்பாடம் எமக்கு அங்கேதான் நடந்தது.

இன்று ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்கள் பலவற்றில் இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. குடும்பங்கள் பல நகரத்துக்குப் பெயர்ந்துவிட்டன. தாயும் தந்தையும் ஆயர் குரோ, பாத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளில் மாறி மாறி முறைவேலை பார்க்கின்றனர். தொட்டிலை மின்விசை ஆட்டுகிறது. கைத்தொலைபேசி பாடுகிறது. களைத்து வீடு திரும்பும் தாயை நாம் குறைகூற மாட்டோம். அவள் உழைப்பை அறிவோம். ஆயினும் மின்தொட்டிலுக்கு ஒரு குறை உண்டு. அது குழந்தையின் முகம் பார்ப்பதில்லை. தொலைபேசியில் ஒலிக்கும் பாட்டு, குழந்தை கைகொட்டினால் விரைவதுமில்லை, கண்மூடினால் தணிவதுமில்லை. சோறூட்டும்போது பாடும் நாலடி, குளிப்பாட்டும்போது சொம்பில் போடும் தாளம் ஆகியவற்றுக்குத் தனியே நேரம் ஒதுக்க வேண்டியதில்லையே!

மலாக்காவில் வாழும் நமக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. மலாக்கா சுல்தான்களின் காலத்தில் வணிகத்தின் பொருட்டுத் தமிழகக் கரையிலிருந்து வந்தோரின் வழியினரே மலாக்காச் செட்டிகள். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்தம் பக்திக்குச் சான்று. வழிபாட்டையும் சடங்கையும் இன்றளவும் காத்துவரும் அப்பெருமக்களின் வீட்டுமொழி மலாயாகிவிட்டது. 2018இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்ற டொண்டாங் சாயாங் இசையைப் போற்றிவரும் சமூகங்களுள் அவர்களும் அடங்குவர். அது மதிக்கத்தக்க அழகிய கலை. இதனை இழிவாகக் கூறவில்லை. கோயில் நிலைத்தும் மொழி நிலைக்காமற் போகலாம் என்பதற்கு நம் அண்டையிலேயே சான்று உளது என்கிறோம். தொட்டிலருகே எம்மொழிப் பாட்டு ஒலிக்கிறதோ அம்மொழியே வீட்டில் நிற்கும் என்பது எமது துணிபு.

பெற்றோர் சிலர் வேறொரு தடை சொல்வர். உறுமி, தப்பு என்று பிள்ளை போனால் கூடாத நட்பில் விழுவான். பெண்பிள்ளை ஆடினால் ஊர் பேசும் என்பர். அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நாம் கூற மாட்டோம். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையை "ஆடாதே" என்று அதட்டுவதால் பதினாறு வயதில் நல்ல நட்பு வாய்க்குமா? தாத்தாவின் அருகில் நின்று தப்படிக்கும் சிறுவனைவிடப் பாதுகாப்பான சிறுவன் யார்?

தொடக்கப்பள்ளியில் இசை ஒரு பாடமாகியது 1983இல், புதிய கலைத்திட்டத்தோடு. நல்லதே. எனினும் குழந்தை எம்மிடம் வரும்போது ஏழு வயது நிரம்பும் தறுவாயில் இருக்கிறது. அதற்கு முன்னுள்ள ஆண்டுகள் உங்களுடையவை.

மேசை தட்டிய மாணவனுக்கு இப்போது ஒரு பணி தந்துள்ளோம். வாய்பாடு ஒப்புவிக்கும்போது வகுப்புக்குத் தாளம் போடுபவன் அவனே. ஏழாம் வாய்பாடு மட்டும் இன்னும் தாளத்துக்கு அடங்க மறுக்கிறது.

வரும் தவணை முதல் வெள்ளிதோறும் காலையில் பாலர் வகுப்பில் அரைமணி நேரம் பாட்டிமாருக்கென ஒதுக்கப்படும். தாலாட்டோ நடவுப்பாட்டோ கும்மியோ அறிந்தவர்கள் அலுவலகத்தில் பெயர் தரலாம். இடுப்பில் கைக்குழந்தை இருந்தால் அதனையும் அழைத்து வரலாம். தொண்டை சரியில்லை என்பது காரணமாக ஏற்கப்படமாட்டாது.