ஆலமரத்தடி மட்டும்தானா?

"எழுதிய சட்டமெல்லாம் 1860-இல் வெள்ளைக்காரன் கொடுத்த தண்டனைச் சட்டத்தோடு வந்தது, அதுவரை நமக்கு ஆலமரத்தடிதான்" என்று அடித்துச் சொல்கிறார் திருச்சி நண்பர். காவிரிப் பாலத்தைத் தாண்டி ஒரு நடை ஸ்ரீரங்கம் வந்திருக்கலாம். கோயில் சுவர்களில் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். யாரோ கை துடைத்த குங்குமக் கறைக்கு அடியில் விரலை ஓட்டினால், புள்ளி வைக்காத எழுத்து தட்டுப்படும். நிலம், கொடை, விளக்குக்கு நெய்; ஊரின் பத்திரப் பதிவே அங்கேதான்.

அதெல்லாம் ஆவணம், சட்டமல்ல என்பார். சரி, உத்தரமேரூருக்குப் போவோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இல் ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலைக்கு விதி வெட்டினார்கள். போதவில்லை, 921-இல் திருத்தி மறுபடி வெட்டினார்கள். 30–60 என்றிருந்த உறுப்பினர் வயது 35–70 ஆனது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது, அவன் உறவுக்காரனும் வரக்கூடாது. (இன்று எந்தச் சங்கக் கூட்டத்திலாவது இதை வாசித்துப் பாருங்கள்!) இது சட்டத் திருத்தம் இல்லையென்றால் வேறென்ன?

ஆனால் அந்த ஊர்ச்சபை நிலமும் வேதப்படிப்பும் உள்ள பிராமணர் சபை. உழுதவன் பெயருக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. நண்பர் இதைச் சொல்லியிருந்தால் வாயை மூடியிருப்பேன். எழுத்தே இல்லை என்றல்லவா சொன்னார்?