புகைக்கு ஒரு வழி



கிளிநொச்சி மாவட்டக் கிராமம் ஒன்றில் ஒரு அக்காவின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். யுத்தத்தில் கணவரை இழந்து மூன்று பிள்ளைகளுடன் வாழ்பவர். குசினிக்குள் கால் வைத்ததும் கண் எரிந்தது. மேசன் சுவரில் விட்டிருந்த காற்றுத் துவாரங்கள் உரப்பையால் அடைக்கப்பட்டிருந்தன. யன்னலுக்கும் பலகை அறைந்திருந்தது. கடைசி மகளுக்கு ஓயாத இருமல்.

"ஏனக்கா இப்படி அடைச்சு வைச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"தனிய இருக்கிற பொம்பிளை, தங்கச்சி. இரவிலை ஆரும் எட்டிப் பார்த்தால் என்ன செய்யிறது?"

அந்தப் பதிலின் முன் எனது சுகாதார அறிவுரைகள் வாயிலேயே நின்றுவிட்டன. பெண்கள் தனித்து வாழும் வீடுகளில் பயம் முதலில் மூடுவது யன்னலைத்தான். அதில் தவறு காண முடியாது. ஆனால் புகையும் நம்மோடு உள்ளே அடைபட்டு விடுகிறது.

வீட்டினுள் உண்டாகும் புகையினாலும் அதனோடு கூடிய வளிமாசினாலும் 2020 இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணித்துள்ளது. அடுப்பருகே அதிக நேரம் நிற்கும் பெண்களுக்கும், தாயின் இடுப்பிலிருக்கும் குழந்தைகளுக்குமே பாதிப்பு அதிகம்.

பயத்திற்கும் புகைக்கும் சேர்த்து ஒரு வழி உண்டு. சூடான புகை மேலே எழும்பும். ஆகவே அது வெளியேறும் வழி உயரத்தில் இருந்தாலே போதும். அந்த அக்காவின் யன்னற் பலகையை நாம் கழற்றவில்லை. ஏழடிக்கு மேலேயுள்ள துவாரங்களை மட்டும் திறந்து கம்பிவலை அடித்தோம். அங்கே எவரும் எட்டிப் பார்க்க முடியாது. எதிர்ச் சுவரின் அடியில் நல்ல காற்று உள்ளே வர, கை நுழையாத அளவில் சில துவாரங்கள் வைத்து அவற்றிற்கும் வலை அடித்தோம். பாம்பு, எலி வராது.

புகைக்கூடு கட்டுவதாயின் இவற்றைக் கவனியுங்கள்:

• அடுப்பிற்கு நேர் மேலே அகன்ற வாயுடன் தொடங்கி, வளைவின்றி நேராக மேலே செல்ல வேண்டும்.

• கூரை முகட்டிலும் இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிடின் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும்.

• மழை விழாமல் மேலே மூடி வையுங்கள். மூடிக்கும் குழாய்க்கும் இடைவெளி இருக்கட்டும்.

• தகரக் குழாய் கிடுகிலோ மரத்திலோ முட்டக்கூடாது. தீப்பிடிக்கும்.

• அஸ்பெஸ்டஸ் தகட்டை நீங்களே வெட்டாதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

கட்டினால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை, அடுப்பு ஆறிய பின், நீண்ட தடியில் பொச்சைக் கட்டிக் குழாயின் உட்கரியைத் தட்டி எடுங்கள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். வலையில் படியும் ஒட்டடையைத் தும்புத்தடியால் துடையுங்கள். கரி சேர்ந்தால் வழி அடைபடும், தீயும் பற்றலாம். ஈர விறகு அதிகம் புகையும். மழைக்கு முன்பே காய்ந்த விறகைச் சேர்த்து வையுங்கள்.

அந்த மகளின் இருமல் முற்றாக நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். கிளினிக்கிற்குப் போய் வருகிறாள். ஆனால் இப்போது குசினியில் அம்மாவின் பக்கத்தில் இருந்து படிக்கிறாள்.

வீடு கட்டும்போது குசினியைப் பற்றிக் கடைசியாகத்தான் பேசுவார்கள். அங்கே நிற்கப்போவது நாங்கள். ஆகவே அத்திவாரம் வெட்டும் நாளிலேயே மேசனிடம் கேளுங்கள்: "புகை எதாலை போகும்?"

அடுத்த மாதம் சந்திப்போம்.