பாலாடையைத் தூக்கி எறியாதீர்கள்!

பச்சைக் குழந்தை பால் குடிக்கவில்லை என்றால் வீடே கலங்கிப் போகிறது. "தாய்க்குப் பால் இல்லை" என்பார் ஒருவர். "புட்டிப்பால் கொடு" என்பார் இன்னொருவர். பெற்றவள் கண்ணீர் வடிப்பாள்.

அவள் மீது குற்றம் இல்லை. பால் குடிப்பது சின்ன வேலை அல்ல. குழந்தை உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். இந்த மூன்றும் ஒழுங்காகச் சேர்வது, கர்ப்பத்தின் சுமார் 34-வது வாரத்தில்தான். அதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தை என்ன செய்யும்?

மிகவும் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு, ஆஸ்பத்திரியில் மெல்லிய குழாய் வழியாகத் தாய்ப்பாலைச் செலுத்துகிறார்கள். கொஞ்சம் தேறிய குழந்தைக்கு நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடையே கை கொடுக்கிறது!

ஆராய்ச்சி சொல்வது என்ன?

புட்டி, கிண்ணம், பாலாடை மூன்றையும் இந்திய டாக்டர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 1999-ம் ஆண்டு வெளிவந்தது. பாலாடையில்தான் குழந்தைகள் குறைந்த நேரத்தில் அதிகப் பால் குடித்தன. 2011-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும், எடை குறைந்த குழந்தைக்குக் கிண்ணம், பாலாடை, கரண்டி இவற்றில் ஒன்றால் பால் கொடுக்கலாம் என்று கூறியது. பாலாடை என்ற சொல்லே அந்த ஏட்டில் இடம் பெற்றது!

ஆனால் 2007-ல் வெளிவந்த இங்கிலாந்து ஆராய்ச்சியில், பாலாடையில் பால் அதிகம் சிந்தியது. நேரமும் கூடுதலாக ஆனது. கருவி மட்டும் போதாது, பழகிய கையும் வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

எப்படிக் கொடுப்பது?

ஆகவே, ஆஸ்பத்திரி நர்சிடம் முறையைக் கேட்டுப் பழகுங்கள். தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுங்கள். கொதிக்க வைத்த, சுத்தமான பாலாடையில் ஊற்றுங்கள். விழித்திருக்கும் குழந்தையை மடியில் நிமிர்த்தி வையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். விழுங்கிய பிறகே அடுத்த வாய். படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றுவது கூடவே கூடாது. பால் மூச்சுக் குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து!

இன்னொன்று. நன்றாகக் குடித்து வந்த குழந்தை திடீரென்று குடிக்க மறுத்தால், அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார்க்க வேண்டாம். உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

பாட்டியின் பாலாடையும் வேண்டும்; டாக்டரின் பாடமும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பிள்ளை பிழைக்கும்!