மலைப்பெயரும் ஓடைப்பெயரும்

ஊர்ப்பெயரை மாற்றினால் நாம் கொதித்தெழுகின்றோம். திருமுதுகுன்றம் விருத்தாசலம் ஆனதையும், திருமறைக்காடு வேதாரணியம் ஆனதையும் எத்துணை மேடைகளில் எடுத்தோதியிருக்கின்றோம்! ஆயின், அவ்வூர்களைச் சூழ்ந்த கரடும் பாறையும் ஓடையும் சுனையும் பெயரிழந்து வருவதை எவரும் கேட்டாரல்லர். அப்பெயர்களை மாற்றுவார் இலர்; மறப்பாரே உளர். பெயர் சொன்ன முதியவரைப் புதைக்கும் அன்றே பெயரையும் புதைத்துவிட்டு வீடு திரும்புகின்றோம். இதற்கும் அயலானைப் பழித்தல் பொருந்துமோ?

இவ்வகையில் நாம் நோக்கத்தக்க நாடு அயர்லாந்து. 1824ஆம் ஆண்டில் ஆங்கில அரசு அந்நாட்டை அளக்கத் தொடங்கிற்று. நிலவரி விதிப்பதற்கு எல்லைகள் வேண்டியிருந்தன. எல்லைகளுக்குப் பெயர்கள் வேண்டியிருந்தன. ஒரு கல் தொலைவைத் தாளில் ஆறு விரலமாகக் காட்டும் பெரும்படங்கள் வரையப்பெற்றன. அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட நிலக்கூறுகளின் பெயர்களை எழுத வேண்டும். அளந்த படையினர்க்கோ ஐரிசு மொழி தெரியாது. எனவே 1830இல் சான் ஓ'டோனவன் என்னும் அறிஞரை அப்பணியில் அமர்த்தினர். அவர் ஓர் உழவர் மகன், ஐரிசு அறிந்தவர். கோட்டம் கோட்டமாக நடந்து, முதியோரைக் கண்டு, அவர்கள் ஒலித்தவாறே பெயர்களைக் கேட்டெழுதினார்.

அந்நாட்டில் ஒரு கோயிலைச் சார்ந்த சிற்றூர்த் தொகுதி கோயிற்பற்று எனப்படும். கோயிற்பற்றுதோறும் பெயர்ப்பொத்தகங்கள் எழுதப்பெற்றன. பழைய ஆவணங்களில் ஒரு பெயர் எவ்வெவ்வாறு காணப்படுகின்றது என்பதும், அதன் ஐரிசு வடிவும், படத்திற்கென முடிவு செய்த ஆங்கில எழுத்துக்கூட்டும் அவற்றில் உள்ளன. பொத்தகத்தில் ஐரிசு வாழ்ந்தது. படத்தில் ஆங்கிலம் ஏறிற்று. உலகம் கண்டது படத்தையே.

விளைவென்ன? 'திரிம்' என்றால் அவர்கள் மொழியில் முதுகு. நீண்டு கிடக்கும் மேட்டிற்கு ஆகிய பெயர். ஆங்கிலப் படத்தில் அது 'டிரம்' ஆயிற்று. படிக்கும் அயலானுக்கு அது முரசு! பேராறு எனப் பொருள்தரும் பெயர் 'ஓவன்மோர்' ஆயிற்று. ஓவன் என்பானொருவன் பெயரோ என மயங்க வேண்டியதுதான். மேலைக் கடற்கரைக் கொன்னமாராவில், இரண்டு உவர்நீர்ப் பரப்புகளுக்கு இடையே பன்றி முதுகுபோற் கிடக்கும் மேடு என்று நிலத்தையே வரைந்து காட்டும் பெயரொன்று, ஆங்கிலத்தில் 22 எழுத்துகளாய் நீண்டு, பொருளற்ற ஒலிக்கோவையாய் நிற்கின்றது.

எனினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. அளவைப்பணி 1846இல் நிறைவுறுமுன்பே, 1845இல் உருளைக்கிழங்கு நோயால் பெருவற்கடம் தோன்றியது. பத்து இலக்கம் மக்கள் மாண்டனர்; அதற்குக் குறையாதோர் நாடு நீங்கினர். பெரிதும் அழிந்தது ஐரிசு பேசிய ஏழைக் குடிகளே. ஓ'டோனவன் இருபதாண்டு காலந்தாழ்த்துச் சென்றிருப்பின், பற்பல இடங்களில் அவர்க்கு விடையளிக்க ஒரு வாயும் இருந்திராது. அயலரசின் வரிப்பணிக்கென எழுதிய பொத்தகமே, பின்னாளில் பெயர்களை மீட்பார்க்குச் சான்றாயிற்று. இதனை ஒப்புக்கொள்வதில் நமக்கு நாணமில்லை.

அப்பொத்தகங்களிலும் ஏறாத சிறுபெயர்கள் எண்ணில. வயலுக்கும் ஊற்றுக்கும் பாறைக்கும் வழங்கிய பெயர்கள் அவை. விடுதலைக்குப் பின், 1937 முதல் 1939 வரை, ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளின் பிள்ளைகளைத் தத்தம் ஊர்ச் செய்திகளை வீட்டு முதியோரிடம் கேட்டெழுதச் செய்தனர். ஏறத்தாழ 50,000 பிள்ளைகள் எழுதினர். இடப்பெயர்களும் அவற்றுள் அடங்கும். 1946இல் இடப்பெயர்களுக்கென்றே ஓர் ஆணையமும் அமைந்தது.

இங்கு நடந்ததோ வேறு. 2020ஆம் ஆண்டில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்பிற்கேற்பத் திருத்தி ஆணை வெளிவந்தது. சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அது நிலைத்திருப்பினும் ஊர்ப்பெயர்களோடு நின்றிருக்கும். குன்றுக்கும் ஓடைக்கும் ஆணை பிறப்பிப்பார் யார்?

ஆகவே அன்பர்கள் தாமே இதனை மேற்கொள்ளல் வேண்டும். ஆடு மேய்ப்பவரையும், தேனெடுப்பவரையும், விறகுக்கு மலையேறிய மூதாட்டியரையும், மடைதிறந்து நீர்பாய்ச்சுபவரையும் கேளுங்கள். வீட்டிலிருத்திக் கேட்பதினும் உடன்நடந்து கேட்பது நன்று. இடத்தைக் கண்டால்தான் பெயர் நாவில் வரும்.

நம்மவர்க்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. கேட்ட பெயரைத் திருத்தாதீர்கள்! அவர் 'ஆனைப்பாறை' என்றால் 'யானைப்பாறை' என எழுத வேண்டா. பெயரில் வடசொல்லோ பிறசொல்லோ கலந்திருப்பின் அதனையும் உள்ளவாறே எழுதுக. ஓ'டோனவன் கேட்டதைக் கேட்டவாறு எழுதியதனாற்றான் அப்பொத்தகம் இன்றும் சான்றாகின்றது. தூய்மை வேட்கையால் நாம் புனைந்தெழுதும் பெயரை நாளை எவனும் நம்பான். பெயர், சொன்னவர் அகவை, அவர் தொழில், இடத்தின் திசையும் தொலைவும், பெயர்க்கு அவர் கூறும் கதை ஆகிய இவை போதும். பொருளாராய்ச்சி பின்னர் ஆகட்டும்.

எழுதியதில் ஒரு படியை உங்கள் ஊர்ப்பள்ளியில் வையுங்கள். மற்றொன்றை நமக்கு விடுத்து வையுங்கள். ஊர்வாரியாகத் திங்கள்தோறும் இவ்விதழில் வெளியிடுவோம்.