பச்சை மை எங்கே?



மகளுக்காக ஒரு கல்லூரியின் ஆன்லைன் விண்ணப்பத்தை நிரப்பினேன். ஓடிபி வந்தது, போட்டேன். முடிந்தது என்று நினைத்தால், கடைசிப் பக்கத்தில் ‘அச்செடுத்துக் கையொப்பமிட்டு, ஸ்கேன் செய்து பதிவேற்றவும்’ என்றது. ஜெராக்ஸ் கடைக்கு நடந்தேன்.

சேர்க்கையன்று இன்னொரு கூத்து. இ-சேவை மையத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழில் வருவாய்த் துறை அதிகாரியின் டிஜிட்டல் கையொப்பமும் கியூஆர் குறியீடும் இருந்தன. எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பச்சை மை எங்கே சார்?” என்றார்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தது 2000-இல். மையில் போட்ட கையெழுத்துக்குள்ள மதிப்பை மின்னணுக் கையொப்பத்துக்கும் அதன் 5-ஆம் பிரிவு தருகிறது. உயில் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. ஆதார் ஓடிபி மூலம் இ-சைன் போடும் வசதியும் 2015 முதல் இருக்கிறது. அப்படிக் கையொப்பமிட்ட கோப்பில் பிறகு ஓர் எழுத்தை மாற்றினாலும் சரிபார்க்கும்போது அகப்பட்டுவிடும். ஸ்கேன் செய்த கையெழுத்துப் படத்தையோ யாரும் வெட்டி எந்தத் தாளிலும் ஒட்டலாம். இதில் எதை நம்புகிறார்கள்?

அடுத்த சேர்க்கைக்கு முன்பாவது உயர்கல்வித் துறை எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அதையும் டிஜிட்டல் கையொப்பத்துடனே அனுப்பட்டும்.

– ஒரு தந்தை, தஞ்சாவூர்