ஆடிட்டரை ஜெயிலில் போட்ட கம்பெனி

"ஒரு அஞ்சு வருஷம் சர்வாதிகார ஆட்சி வந்தா போதும் மச்சி, எல்லாம் சரியாயிடும். முதல்ல இந்த பத்திரிகைக்காரன் வாயை மூடணும்."

கேண்டீனில் டீ குடித்துக்கொண்டே நம்ம வகுப்பு நண்பர் ஒருவர் உதிர்த்த முத்து இது. சுற்றி இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். நானும் அப்போது எதுவும் பேசவில்லை. பேசாமல் வந்ததுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்குத்தான் இந்தப் பதிவு.

நண்பர் கேட்ட மாதிரியே ஒரு நாடு இருக்கிறது மக்களே. ஆப்பிரிக்காவில், செங்கடல் ஓரத்தில். பெயர் எரித்திரியா.

எத்தியோப்பியாவோடு முப்பது வருஷம் சண்டை போட்டு 1993இல் விடுதலை வாங்கிய நாடு. போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய இசாயாஸ் அஃப்வெர்க்கி அதிபர் ஆனார். கொள்ளையடிக்க வந்தவர் இல்லை, மக்கள் கொண்டாடிய போராளி. "நல்லவர் கையில் முழு அதிகாரம்" என்று கனவு காண்கிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். 1997இல் அரசியல் சட்டம்கூட எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டார்கள். ஆனால் அது நடைமுறைக்கு வரவே இல்லை.

1998 முதல் 2000 வரை எத்தியோப்பியாவோடு மறுபடியும் எல்லைப் போர், பல்லாயிரம் சாவு. 2001 மே மாதம் ஆளும் கட்சியின் மூத்த தலைவர்கள் 15 பேர், சட்டப்படி ஆட்சி நடத்துங்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அதைத் தனியார் பத்திரிகைகள் மக்களிடம் கொண்டு போயின. அவர்கள் செய்த குற்றம் இவ்வளவுதான்!

2001 செப்டம்பர் 18. நியூயார்க் கோபுரங்கள் இடிந்து சரியாக ஒரு வாரம், உலகத்தின் கண் முழுக்க அங்கே. அன்றைக்கு எரித்திரியாவின் தனியார் பத்திரிகைகள் அத்தனையும் மூடப்பட்டன. கடிதம் எழுதிய 15 பேரில் 11 பேர் கைது. தொடர்ந்து பத்திரிகையாளர்களும் ஒவ்வொருவராகக் கைது. காரணம்? வழக்கம்போல "தேசப் பாதுகாப்பு".

அவர்களில் ஒருவர் தாவித் ஐசக். நாடக எழுத்தாளர். 1987இல் ஸ்வீடனுக்கு அகதியாகப் போய், துப்புரவு வேலை பார்த்து, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றவர். விடுதலைக்குப் பின் ஊர் திரும்பி 'செதித்' பத்திரிகையை நடத்தியவர்களில் ஒருவர் ஆனார். செப்டம்பர் 23 அன்று அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். குற்றப்பத்திரிகை இல்லை, வழக்கு விசாரணை இல்லை. 2002இல் சிறையில் இருந்த பத்திரிகையாளர்கள் எங்களைக் கோர்ட்டுக்குக் கொண்டு போங்கள் என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். அதற்குக் கிடைத்த பதில், யாருக்கும் தெரியாத இடத்துக்கு மாற்றியதுதான். 2005 நவம்பரில் தாவித்தை வெளியே விட்டு, இரண்டே நாளில் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். 2009இல் ஸ்வீடன் தொலைக்காட்சிப் பேட்டியில் அதிபரே சொல்லிவிட்டார், விசாரணையும் கிடையாது, விடுதலையும் கிடையாது என்று.

இதை எழுதும் எனக்கு அவர் சிறையில் இருக்கும் வயதுகூட ஆகவில்லை. நான் பிறந்து, ஸ்கூல் முடித்து, பி.காம் சேர்ந்து, அரியர் வைத்து, அதை கிளியர் பண்ணி.. அவர் குடும்பத்துக்கோ இத்தனை வருஷமும் அவர் உயிரோடு இருக்கிறாரா என்ற ஒரே கேள்விதான்.

சரி, பத்திரிகைக்காரன் வாயை மூடியாச்சு. நாடு உருப்பட்டதா?

நாம் காமர்ஸ் படிக்கிறவர்கள், கணக்காகவே பார்ப்போம். எரித்திரியா அரசு தன் பட்ஜெட்டை மக்களுக்கு வெளியிடுவதே இல்லை. வரவு என்ன, செலவு என்ன, யாருக்கும் தெரியாது. பிஷா என்ற இடத்தில் தங்கச் சுரங்கம். அதில் 40 சதவீதப் பங்கு அரசு நிறுவனத்துக்கு. அந்தப் பணம் எங்கே போனது என்று கேட்க உள்ளூரில் ஒரு பத்திரிகை கிடையாது. கட்டாய ராணுவ சேவை சட்டப்படி 18 மாதம்தான். 1998 போருக்குப் பிறகு அதற்கு முடிவே இல்லாமல் போனது. அந்த சேவையில் இருந்தவர்களை பிஷாவில் கட்டாய வேலை வாங்கினார்கள் என்று தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். எங்கே தெரியுமா? கனடாவில்! சுரங்க கம்பெனி மறுத்தது. வழக்கை விசாரிக்கலாம் என்று 2020இல் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது. சொந்த ஊர் அநியாயத்தைச் சொல்லக் கடல் தாண்டிப் போக வேண்டிய நிலைமை.

லட்சக்கணக்கில் இளைஞர்கள் ஓடிப்போனார்கள். 2013 அக்டோபரில் இத்தாலியின் லம்பேடுசா தீவு அருகே படகு கவிழ்ந்து 360 பேருக்கு மேல் இறந்தார்களே, அதில் பெரும்பாலோர் எரித்திரியர்கள். நம் வயசுக்காரர்கள்.

"பத்திரிகைக்காரன் மட்டும் யோக்கியமா? காசு வாங்கிட்டு எழுதறானே?" என்று நண்பர் அடுத்துக் கேட்பார். நியாயமான கேள்வி. பதில் நம்ம சிலபஸிலேயே இருக்கிறது. 2009இல் சத்யம் மோசடி வெடித்தபோது, பல வருஷமாக அந்தக் கணக்குகளில் ஆடிட்டர் கையெழுத்து இருந்தது. அதற்காக இனி ஆடிட்டே வேண்டாம் என்று யாராவது முடிவெடுத்தார்களா? ஆடிட்டரைக் காலக்கெடு வைத்து மாற்ற வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டத்தில் இன்னும் இறுக்கினார்கள். ஆடிட்டர் தப்பு செய்தால் வேறு ஆடிட்டர். ஆடிட்டரே இல்லாத கம்பெனியில் நீங்கள் ஒரு ரூபாய் ஷேர் வாங்குவீர்களா? நாட்டை மட்டும் அப்படிக் கொடுக்கலாமாம்!

"அஞ்சு வருஷம் போதும்" என்பதுதான் இதில் பெரிய ஏமாற்று. அஞ்சு வருஷம் முடிந்துவிட்டது, இறங்குங்கள் என்று சொல்லத்தான் பத்திரிகை வேண்டும். அதை முதல் வேலையாக மூடிவிட்டு, பிறகு யார் போய்ச் சொல்வது? 1993இல் பதவி ஏற்றவர் இன்னும் இறங்கவில்லை. தேசியத் தேர்தல் ஒன்றுகூட நடக்கவில்லை. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 2024, 2025 இரண்டு வருஷமும் 180 நாடுகளில் எரித்திரியாவுக்கு 180வது இடம்.

நண்பா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். கோபம் வந்தால் திட்டி பதில் எழுது. தாராளமாக எழுது. நீ கேட்கிற ஆட்சியில் அந்த வசதி இருக்காது, அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.